பேச்சியம்மாளின் குரல்

மே மாதம் பிறந்துவிட்டால் கனடாவின் சமவெளிக்காரர்களுக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். பனிக்கால டயரைக் கழற்றி ஷெட்டுக்குள் போட்டுவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க வண்டியின் பின்னால் கிடந்த கம்பளியும் மண்வாரியும் பரணுக்குப் போய்விடும். அரை டிரவுசரோடு கடைக்குப் போவார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் சில வருஷங்களில் ஒரு புயல் வந்து சேரும். டிசம்பர் புயலைவிட இதுதான் ஆளை விழுங்கும். டிசம்பரில் எல்லோரும் பயந்துபோய் வீட்டுக்குள் இருப்பார்கள், மே மாதத்தில் யார் பயப்படுகிறார்கள்?

கோமதி சங்கரன்கோவில்காரி. ரெஜைனா நகரத்துப் புயல் காவல் நிலையத்தில் அவளுக்கு வேலை. சுவர் அகலத் திரையில் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும், அதன்மேல் கடுகு இறைத்த மாதிரிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். அந்தக் காலத்தில் புயலைப் பார்க்க ஊருக்கு ஒரு கருவி நட்டு வைத்திருந்தார்கள். இப்போது காற்றழுத்தத்தை ஆளுக்கு ஆள் சட்டைப் பையிலிருக்கும் செல்போனே அளந்து அனுப்பிவிடுகிறது. புயல் யார் தலைக்கு மேலே நிற்கிறது என்பதை அவர்களுக்குத் தெரியும் முன்னே கோமதிக்குத் தெரியும்.

அன்று காலையில் எல்லைக்குத் தெற்கே மொன்டானாவில் கருக்கட்டிய புயல், மத்தியானத்துக்குள் எல்லையைத் தாண்டி வடகிழக்கே வந்துகொண்டிருந்தது. முன்பாதி மழை, நடுவில் ஐஸ், பின்பாதி பனியும் பேய்க்காற்றும். புள்ளிகள் எல்லாம் எச்சரிக்கை கேட்டு மஞ்சளாகி, வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கின. ஒன்றே ஒன்று மட்டும் புயலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில், லாரி போகும் வேகத்தில்.

யாரென்று தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே கோமதிக்கு இல்லை. "பாவி மனுஷன்" என்று தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டாள்.

அது சுடலைமணி. கோமதியின் அக்கா பேச்சியம்மாளின் புருஷன். கோதுமை லாரி ஓட்டுகிறவர். போன குளிர்காலத்தில் இரண்டு தரம் இதே மாதிரிப் புயலுக்குள் போய், இரண்டு தரமும் உயிர் பிழைத்து வந்தார். கேட்டால், "லோடு கோமு, என்ன செய்ய?" என்பார். அன்றைக்கு அவர் லாரி காலி என்பது கோமதிக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. காலி வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் புயலுக்குள் எதற்குப் போவான்?

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் உறவுக் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரேடியோவில் சொன்னாலும் டிவியில் சொன்னாலும் ஜனங்கள் புயல் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், வீட்டு ஆள் சொன்னால் மட்டும் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால் நிலையம் ஒரு ஏற்பாடு செய்தது. யார் சொன்னால் நீ கேட்பாயோ, அவர் குரலிலேயே மிஷின் உன்னைக் கூப்பிடும். பேச்சியம்மாள் நோயில் படுத்திருந்தபோது இதைக் கோமதி விளையாட்டாகச் சொல்லப்போக, அவள் அன்றைக்கே தன் குரலைப் பதிந்து கொடுத்துவிட்டாள். புருஷனுக்கு அவள் வருஷக்கணக்காக அனுப்பிவைத்த வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தாள். பேருக்கேற்ற மாதிரிப் பேசிக்கொண்டே இருப்பவள் அவள். நான் இல்லாவிட்டாலும் இந்த மனுஷனை யாராவது அதட்ட வேண்டாமா என்று சிரித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு, சுடலைமணியின் சமையலறையில் வைத்துக் கோமதிதான் அவருக்கு விளக்கிச் சொன்னாள்.

"புயல் தூரத்துல இருந்தா மெசேஜ் மட்டும் வரும் அத்தான். பக்கத்துல வந்துட்டா அக்கா குரல்ல ஒரு போன் வரும். ஒரே ஒரு வரி சொல்லிட்டு வெச்சிரும்."

"ஒரு வரிதானா?"

"நீங்க உள்ளயே மாட்டிக்கிட்டா மட்டும் வைக்காது. ஆளு பத்திரமா வந்து சேர்ற வரைக்கும் கூடவே பேசிக்கிட்டிருக்கும். தூங்கவிடாது, வண்டிய விட்டு இறங்கவிடாது. நீங்க எந்தப் பேச்சுக்குக் கட்டுப்படுறியன்னு பாத்து அதையே கத்துக்கிடும்."

"அப்போ மாட்டிக்கிட்டா பேசிக்கிட்டே இருப்பா" என்றார் அவர். அதை அவர் சொன்ன விதம் அன்றைக்குக் கோமதிக்கு உறைக்கவில்லை. உயிர் காக்கிற ஏற்பாடு என்ற பெருமையில் இருந்தாள். இன்றைக்கு அந்த ஒற்றைப் புள்ளி புயலைப் பார்த்துப் போவதைக் கண்டபோதுதான் அது உறைத்தது. மனிதர் பெண்டாட்டியோடு பேசப் போய்க்கொண்டிருக்கிறார்.

உடனே போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. புயல் அவரை எடுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தெற்குப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் சிவந்தன. வெளியே பட்டப்பகல். ஆனால் அந்தப் பகலில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடினால் கறுப்பு, திறந்தால் வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். சுடலைமணியின் லாரி ஒரு பழைய தானியக் கிடங்குக்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டோரமாக நின்றுவிட்டது. அந்தப் பகுதிக்கு இருந்தது ஒரே ஒரு பனி வாரும் வண்டி. அது அவரை நோக்கிக் கிளம்பியது. கோமதிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. அவருடைய புள்ளி திடீரென்று பச்சையாக மாறியது. பக்கத்தில் ஒரு வார்த்தை: திரும்புகிறார். பனி வாரும் வண்டி உடனே திசை மாறி, வாய்க்காலில் சரிந்து கிடந்த ஒரு வேனை நோக்கிப் போனது. வேனுக்குள் வாலிபால் விளையாடப் போன பள்ளிக்கூடப் பெண்கள்.

திரும்புகிறார் என்றால் லாரி நகர வேண்டுமல்லவா? லாரி நின்ற இடத்திலேயே நின்றது. கோமதி எழுந்து, ஷிஃப்ட் தலைவி மார்லீனிடம் போய், அவருடைய அழைப்பைக் கேட்க அனுமதி வேண்டுமென்றாள். மார்லீன் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள், ஒரு மே மாதப் புயலில் சொந்தச் சித்தப்பாவைப் பறிகொடுத்தவள். அதிகம் கேள்வி கேட்காமல் ஹெட்போனை எடுத்து நீட்டினாள்.

ஹெட்போனுக்குள் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். அதே குரல், அதே லேசான மூக்கடைப்பு. கடைசியாகப் பதிவான பேச்சைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டாள்.

"சரி பேச்சி. வாரேன்" என்றார் சுடலைமணி.

"வா" என்றது குரல். "வா, காத்துக்கிட்டிருக்கேன்."

அவர் என்ன சொன்னார் என்று மார்லீன் கேட்டாள். வருகிறேன் என்று சொன்னார் என்றாள் கோமதி.

"அப்படியானால் நல்லதுதானே. அதனால்தான் மிஷின் பச்சை போட்டிருக்கிறது."

"இல்லை. எங்கள் ஊரில் போகும்போதுதான் அப்படிச் சொல்வோம். போகிறேன் என்று வாயால் சொல்லக்கூடாது. விடைபெற்றுக்கொள்ளும்போது வருகிறேன் என்போம்."

"அப்போது, உண்மையிலேயே வருகிறேன் என்று சொல்ல என்ன சொல்வீர்கள்?"

"அதையேதான் சொல்வோம்."

மார்லீன் அவளையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மிஷினுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், வருகிறேன் என்றால் வருகிறேன் என்று சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். புயலில் சிக்கியவன் வருகிறேன் என்று வாய் திறந்து சொன்னால் வீட்டுக்கு வருகிறான் என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக வா என்று பதில் சொல்லிவிட்டது அது. அவர் விடைபெற்றிருக்கிறார், செத்துப்போன பெண்டாட்டி அவரை வா என்று கூப்பிட்டிருக்கிறாள். எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்?

பனி வண்டியைத் திருப்பச் சொல்லலாம். மார்லீன் அதைச் சொல்லவில்லை, கோமதியும் கேட்கவில்லை. வேனின் புகைக்குழாயைப் பனி அடைத்து, உள்ளே திரும்பிய புகையில் இரண்டு பெண்கள் வாந்தியெடுப்பதாகச் சற்றுமுன்தான் தகவல் வந்திருந்தது. அவர்களை எடுத்துவிட்டு வண்டி வரட்டும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

"மிஷினை வெட்டிவிட்டு நீ பேசலாம்" என்றாள் மார்லீன். "ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்னே ஒருமுறை வேறொருவருக்கு இப்படி வெட்டினோம். அம்மா குரல் நின்றதும் அந்த ஆள் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கி நடந்துவிட்டார். அவர் உன் ஆள், நீதான் முடிவு செய்ய வேண்டும்."

கோமதி முடிவு செய்வதற்குள் ஹெட்போனில் ஒரு சத்தம் கேட்டது. லாரிக் கதவு திறக்கும் சத்தம். அதற்குப் பின்னால் காற்று ஓவென்று உள்ளே வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். அக்காவின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

என்ன சொல்வது? இறங்காதீர்கள் என்றா? முப்பது வருஷம் லாரி ஓட்டுகிறவருக்கு இறங்கினால் சாவு என்று தெரியாதா? அது அக்கா இல்லை, மிஷின் என்றா? அழுது கெஞ்சுவதா? பயிற்சியில் சொல்லிக்கொடுத்த நல்ல நல்ல வாக்கியங்கள் எல்லாம் அவள் தொண்டைவரை வந்து, இங்கிலீஷில் நின்றுகொண்டன. வாயைத் திறந்தபோது அவற்றில் ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

"அத்தான், எங்க போறீய?"

கனடாவுக்கு வந்த புதிதில் கோமதி இதே கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சுடலைமணி லாரிச் சாவியோடு வாசலில் இறங்கியவர், கேள்வி காதில் விழுந்ததும் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் மறுபடி கிளம்பினார். வண்டி ஓட்டுகிற மனுஷன் புறப்படும்போது எங்கே என்று கேட்பாயா, உனக்கு அறிவிருக்கா என்று அக்கா அன்றைக்குப் பூராவும் வைதாள். வேறு எந்தச் சாஸ்திரத்தையும் மதிக்காத மனிதர் அவர். செவ்வாய், வெள்ளி பார்க்கமாட்டார், ராகுகாலத்தில் லோடு எடுப்பார். இந்த ஒன்றில் மட்டும் அசையமாட்டார்.

ஹெட்போனில் காற்று மட்டும் இரைந்தது. மார்லீன் கோமதியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டமாரென்று கதவு மூடியது. காற்று நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"ஏட்டி" என்றார் சுடலைமணி. "கேட்டுட்டியே."

"கேட்டுட்டேன் அத்தான். உக்காந்து தண்ணி குடிங்க."

அவர் முனகியபடி பாட்டிலைத் தேடும் சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று குடித்தார். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்ஜின் ஓடுகிறதா, ஹீட்டர் போட்டிருக்கிறாரா என்று விசாரித்தாள். எல்லாம் ஓடுகிறது என்றார். வண்டியில் ஒரு குறையும் இல்லை, டீசலும் இருக்கிறது. அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"அது அக்கா இல்ல அத்தான்."

"எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உங்க அக்கா நாலு பேரு காதுல விழுற மாதிரி பேசினா வாங்க போங்கம்பா. போன்ல அனுப்புறது பூராவும் வாங்கதான், லாரியில பக்கத்துல யாரு இருப்பாங்களோன்னு. நாங்க ரெண்டு பேரு மட்டும் இருந்தா வா, போதான். அது யாருக்கும் தெரியாது. உனக்கே தெரியாது."

கோமதிக்குத் தெரியாதுதான். அக்கா அத்தானை ஒருமையில் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.

"மிஷின் வாங்க வாங்கன்னுது. முதல் புயல்ல அதுகிட்டச் சொன்னேன், அவ அப்படிக் கூப்பிட மாட்டான்னு. சும்மா ஒரு ஆத்தாமைக்குச் சொன்னது. ரெண்டாவது புயல்ல அது ஒண்ணும் கூப்பிடல, மழுப்பிடுச்சு. இன்னிக்கு வான்னுச்சு கோமு. மிஷின்தான்னு புத்திக்குத் தெரியுது. காலு கேக்கல."

கட்டுப்படும் பேச்சைக் கற்றுக்கொள்ளும் என்று இவளே பெருமையாகச் சொன்னதுதான். அது நன்றாகத்தான் கற்றுக்கொண்டது. கோமதி ஹெட்போனை ஒரு கையால் மூடிக்கொண்டு குலுங்கி அழுதாள். மொழி புரியாமலேயே மார்லீனும் கண் கலங்கி நின்றாள்.

பாட்டிலை மூடிவிட்டு அவர் சொன்னார்: "சரி. தண்ணி குடிச்சாச்சு."

இருக்கை கிரீச்சிட்டது. கைப்பிடியில் கை பட்ட சத்தம்.

"எங்க போறீய அத்தான்?"

"ஏய்."

"கேட்டாச்சு. உக்காருங்க, குடிங்க."

இந்த முறை அவர் வைதார். உன்னை ஊரிலிருந்து கூட்டி வந்ததே தப்பு என்றார், உங்கள் குடும்பத்துக்கே வாய் அடங்காது என்றார். வைதுகொண்டேதான் குடித்தார். அவர் வையட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள், வைகிற மனிதன் எங்கும் போகமாட்டான். பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. அக்கா வைக்கும் கூட்டாஞ்சோறைப் பற்றி, ஊரில் இப்போது கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் என்பதைப் பற்றி. இடையிடையே அவர் மௌனமாவார். மௌனமானால் கோமதி உடனே எங்க போறீய என்பாள். அவர் எங்கேயும் போகவில்லை, சும்மாதான் இருக்கிறேன் என்பார். இருந்தாலும் கேட்டுவிட்டாளே என்று ஒரு மடக்கு குடிப்பார்.

"இதுக்கு மேல குடிச்சா, அவ கூப்பிடாமலே நான் இறங்கி வெளிய போக வேண்டியிருக்கும்" என்றார் கடைசியில்.

"பாட்டில் காலியாத்தானே இருக்கு? அதுலயே முடிச்சிக்கிடுங்க. நான் காதைப் பொத்திக்கிடுதேன்."

அதற்கு அவர் சிரித்தார். கரகரத்த, இருமல் கலந்த சிரிப்பு. பேச்சியம்மாள் போன பிறகு கோமதி அதைக் கேட்டதில்லை. அவர் அப்புறம் கதவைத் தொடவில்லை. வேனிலிருந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், பனி வண்டி வந்து அவருடைய லாரிக் கண்ணாடியைத் தட்டியது. புயல் வடக்கே காட்டுக்குள் போய் ஓய்ந்தது.

பிறகு நிலையத்தில் விசாரணை நடந்தது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் உட்கார்ந்து, வருகிறேன் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எந்த மொழிக்காரர்கள் எப்படியெல்லாம் விடைபெறுகிறார்கள் என்று விசாரிக்க ஆள் போட்டார்கள். துக்கத்தில் இருப்பவனிடமிருந்து பாடம் படிக்கக்கூடாது என்று மிஷினுக்குக் கட்டளை போட்டார்கள். கோமதி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஆனால் அந்த மிஷினால் அந்தக் குளிர்காலத்தில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அதுவும் உண்மைதானே.

சுடலைமணி கேட்டது ஒன்றுதான். அக்காவின் குரலை மிஷினிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவள் அனுப்பிய பழைய மெசேஜ்களை மட்டும் தன்னிடம் திருப்பித் தர வேண்டும்.

"அதுல வாங்கன்னுதான் இருக்கும், பரவாயில்லையா அத்தான்?" என்று கோமதி கேட்டாள்.

"அது அவ நெசமாவே சொன்னதுல்லா" என்றார் அவர்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. கோமதிக்கு அன்று அதிகாலை ஷிஃப்ட், அது அத்தானுக்கும் தெரியும். தெற்கிலிருந்து ஒரு புயல் கிளம்பிவிட்டது, ஆள் போதவில்லை, சீக்கிரம் வா என்று மார்லீன் சொல்லிவிட்டிருந்தாள். அவசர அவசரமாகக் காரைக் கிளப்பினாள். தெருவே கண்ணுக்குத் தெரியவில்லை. வைப்பர் போட்டும் தெரியவில்லை. ஆபீஸ் போனவுடன் ஆயிரம் பேரை வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டியவள், தான் மட்டும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கியரைப் போட்டாள். போன் அடித்தது.

அவளுக்கென்று அவள் யார் குரலையும் பதிந்து வைக்கவில்லை. தனக்கு எச்சரிக்கை எதற்கு, தானே சொல்கிறவள்தானே என்ற நினைப்பு. எடுத்துக் காதில் வைத்தாள்.

"கோமு, எங்க போற?"

அவள் கை கியரிலேயே நின்றது. "அத்தான், இது நீங்கதானா, மிஷினா?"

"மிஷின் இப்படி அபசகுனமா கேக்குமா? ஏட்டி, உள்ள போ."

"சவத்த, கேட்டுட்டியளே" என்றாள் கோமதி. இந்தச் சாஸ்திரத்தில் எல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. இன்ஜினை அணைத்தாள். பனியை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை மறுமுனையில் அவர் போனை வைக்கவில்லை.